ஒடுங்க மறுத்த விசுவரூபம்

2018ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 10ஆம் நாள், திரு. கமல்ஹாசன் எழுதி இயக்கித் தலைமை வேடமும் ஏற்ற 'விஸ்வரூபம்' படத்தின் இரண்டாம் பாகம் வெளிவந்தது. அன்று மாலைக்குள் மதிப்புரைகளும் வந்துவிட்டன. கதை முன்னும் பின்னுமாக அலைகிறது. முதற் பாகத்தில் மிஞ்சியதை எடுத்து ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். கடலுக்கடியில் நிகழும் காட்சிகளில் வரைகலை வலுவின்றி இருக்கிறது. பகைவன் வந்து சேர நெடுநேரம் ஆகிறது. முடிவு சப்பென்று போய்விட்டது. பெரும்பாலான மதிப்புரைகளின் சாரம் இதுவே. தாயும் மகனும் சந்திக்கும் காட்சியை மட்டும் ஏறக்குறைய எல்லாரும் பாராட்டினர். பாராட்டி ஒரு வரி எழுதிவிட்டு மேலே சென்றனர்.

அந்த ஒரு வரியோடு நின்றுவிட்டதுதான் பிழை. குறைகளின் பட்டியல் சரியாகவே இருந்தது. குறைகளின் வேர் எது என்பது மட்டும் அகப்படவில்லை. வேரைக் காணும் வழி அந்தத் தாயின் காட்சியில் இருந்தது. அதனை ஓர் அழகிய விதிவிலக்கு என்று ஒதுக்கிவிட்டு, மற்றவற்றைக் கொண்டு படத்தை அளந்தார்கள்.

இது ஒரு படத்தைப் பற்றிய பேச்சு மட்டும் அன்று. இக்காலத் தமிழ் மாணவன் முதன்முதலில் படிக்கும் திறனாய்வு பெரும்பாலும் சினிமா மதிப்புரையே. வகுப்பில் ஒரு நூலைப் பற்றி எழுதச் சொன்னால் அவன் அதே நடையில் எழுதுகிறான்: முற்பாதி விறுவிறுப்பு, பிற்பாதி தொய்வு, ஒருமுறை படிக்கலாம். குறுந்தொகையைக் கையில் கொடுத்தாலும் ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் போட்டுவிடுவான் போலும்! 'ஆனந்த விகடன்' நெடுங்காலமாகப் படங்களுக்கு மதிப்பெண் இட்டு வருவதும், 1977இல் '16 வயதினிலே' படத்துக்கு 62.5 கொடுத்ததும் பலரும் அறிந்தவை. மதிப்பெண் இடுவதில் தவறில்லை. ஆயினும் கட்டுரை ஏட்டில் எண்ணை மட்டும் எழுதி, ஓரத்தில் ஒரு சொல்லும் எழுதாத ஆசிரியரிடம் எந்தப் பிள்ளையும் கட்டுரை எழுதக் கற்றுக்கொண்டதில்லை.

மதிப்புரையாளர்கள் சொன்ன குறைகள் தமிழ் படித்தவர்களுக்குப் புதியன அல்ல. பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் நூலுக்குரிய பத்துக் குற்றங்களை வகுத்திருக்கிறார். முதற் பாகத்தில் காட்டிய ஆப்கானிஸ்தான் நிகழ்ச்சிகளுக்கு மீண்டும் மீண்டும் திரும்பியது கூறியது கூறல். எந்தக் காட்சி முன்னே நிகழ்ந்தது, எது பின்னே நிகழ்ந்தது என்று பார்ப்பவன் திகைக்கும்படி வைத்தது மயங்க வைத்தல். நிருபமா, அஸ்மிதா என்னும் இரு பெண்களுக்கும் நடக்கும் குத்தல் பேச்சு கதைக்கு உதவாமல் நீண்டது மற்றொன்று விரித்தல். இலண்டனில் பெரிதாகத் தொடங்கிய ஆபத்து டில்லியில் ஓய்ந்து போனது சென்று தேய்ந்திறுதல். இப்படி எடுத்துக் காட்டினால் மாணவனுக்கு நன்னூலும் விளங்கும், படமும் விளங்கும்.

ஆனால், குற்றத்தின் பெயரைச் சொல்வது குற்றத்தின் காரணத்தைச் சொன்னது ஆகாது. காரணமாக மூன்று செய்திகள் அப்பொழுது சொல்லப்பட்டன. ஒன்று காலதாமதம், மற்றொன்று பண முடை, இன்னொன்று அரசியல்.

காலதாமதம் உண்மை. முதற் பாகம் வெளிவந்தபோது நிகழ்ந்தவை எளிதில் மறக்கக் கூடியவை அல்ல. 2013 சனவரியில் படம் இஸ்லாமியர் மனத்தைப் புண்படுத்துகிறது என்ற எதிர்ப்பு எழுந்து, தமிழக அரசு அதற்குத் தடை விதித்தது. வழக்கு உயர்நீதிமன்றம் சென்றது, தடை நீங்கியது, மறுநாளே திரும்பவும் வந்தது. முடிவில் பேச்சு நடத்திச் சில இடங்களை நீக்கி, பிப்ரவரி 7ஆம் நாள் தமிழ்நாட்டில் படம் வெளியாயிற்று. மலேசியாவிலும் படம் திரைக்கு வந்த கையோடு காட்சிகள் நிறுத்தப்பட்டன. சீட்டு வாங்கி வைத்திருந்தவர்கள் ஏமாந்து திரும்பினர். முதற் பாகம் எடுக்கப்பட்டபோதே இரண்டாம் பாகத்தின் ஒரு பகுதியும் படமாக்கப்பட்டிருந்தது. முதற் பாகத்தின் முடிவிலேயே கதை இன்னும் தொடரும் என்று அறிவிக்கப்பட்டும் இருந்தது. ஆயினும் ஐந்தாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இடையில் தயாரிப்புப் பொறுப்பும் கை மாறியது. முதற் பாகத்துக்குச் சங்கர்-எசான்-லாய் இசையமைத்தனர். இரண்டாம் பாகத்துக்கு ஜிப்ரான். இத்தனை கை மாறிய துணியில் தையல் தெரியத்தான் செய்யும்.

அரசியல் காரணமும் ஓரளவு உண்மையே. 2018 பிப்ரவரி 21ஆம் நாள் மதுரையில் மக்கள் நீதி மய்யம் தொடங்கப்பட்டது. ஆறு மாதம் கழியுமுன் படம் வந்தது. நாட்டுக்காக உயிரைப் பணயம் வைக்கும் ஓர் இஸ்லாமிய வீரனின் கதையைக் கட்சித் தலைவரின் மேடைப் பேச்சாகச் சிலர் கேட்டனர். போதாக்குறைக்கு, படம் வெளிவருவதற்கு மூன்று நாள் முன்னர், ஆகஸ்டு 7ஆம் நாள், கலைஞர் மு. கருணாநிதி மறைந்தார். தமிழ்நாடு துக்கத்தில் இருந்தது. கொட்டகைக்குப் போகும் மனநிலை பலருக்கும் இல்லை.

இவையெல்லாம் வசூல் ஏன் குறைந்தது என்பதற்கு விடை சொல்லும். கலை ஏன் குறைந்தது என்பதற்கு விடை சொல்லா. தாமதமாக வந்த நூல்கள் எத்தனையோ சிறந்து நின்றிருக்கின்றன. பணமின்றி எடுத்த படங்களும் அப்படியே.

படத்தின் பெயரிலிருந்து தொடங்கினால் காரணம் சற்று எளிதில் புலப்படும். விசுவரூபம் என்பது ஒரு முறை நிகழ்வது. நியூயார்க் நகரில் கதக் நடனம் கற்பிக்கும் மென்மையான மனிதர் ஒருவர். நடையும் பேச்சும் கையசைவும் நாட்டியமாகவே அமைந்தவர். மனைவிக்கே அவர்மேல் மனம் பற்றவில்லை. அவரைப் பகைவர் கட்டிப் போட்டு அடிக்கிறார்கள். தொழுகை செய்ய ஒரு கணம் கேட்கிறார். அடுத்த சில நொடிகளில் அறையில் இருந்தவர் அத்தனை பேரும் வீழ்ந்து கிடக்கிறார்கள். நாட்டியக்காரர் மறைந்து வீரன் நிற்கிறான். முதற் பாகத்தைப் பார்த்தவர்கள் இன்றும் மறவாதது இந்த இடமே. பாடல் நடனத்துக்குப் பண்டிதர் பிர்ஜு மகராஜ் தேசிய விருது பெற்றதையும் இதனோடு சேர்த்தே எண்ண வேண்டும். அந்த நாட்டியம் அத்துணை உண்மையாக இருந்ததால்தான் அதனைக் கிழித்துக்கொண்டு வீரன் வெளிப்பட்டது அதிர்ச்சி தந்தது.

உருவம் வெளிப்பட்டாயிற்று. இனி என்ன செய்வது?

கம்பர் இதற்கு ஒரு வழி காட்டியிருக்கிறார். சுந்தர காண்டத்து உருக்காட்டுப் படலத்தில், இத்துணைச் சிறிய உடலோடு கடலைக் கடந்தது எப்படி என்று பிராட்டி வினவ, அனுமன் தன் பேருருவைக் காட்டுகிறான். அது வானளாவ நிற்கிறது. பிராட்டி அஞ்சி, இவ்வுருவை ஒடுக்குக என்கிறாள். அவன் ஒடுங்குகிறான். அதன் பின்னரே அவள் தன் துயரையெல்லாம் அவனிடம் மனம் விட்டுச் சொல்கிறாள். ஓங்கி நின்றவனிடம் அவள் உள்ளம் திறக்கவில்லை என்பது படிப்பவர் கூர்ந்து நோக்கத்தக்கது. கண்ணன் கதையிலும் இதே முறைதான். பேருருக் கண்ட பார்த்தன் பழைய உருவத்தையே காட்டுமாறு வேண்டுகிறான். ஆக, விசுவரூபத்தின் இரண்டாம் பாகம் என்பது ஒடுக்கம். அதற்கு மேலும் ஓங்குவதற்கு இடமில்லை.

திரு. கமல்ஹாசனின் இரண்டாம் பாகம் மேலும் ஓங்க முயன்றது. கடலுக்கடியில் மூழ்கிக் கிடக்கும் உலகப் போர்க் காலக் கப்பல், அதில் வெடிக்காமல் கிடக்கும் குண்டுகள், ஒரு நகரையே விழுங்கக்கூடிய பேரலை என்று ஆபத்தை வளர்த்துக்கொண்டே போனார்கள். ஆபத்து வளர வளர அதனைத் தடுக்கும் மனிதனும் வளர்ந்தாக வேண்டும். அவனோ முன்னமே முழு உருவத்தையும் காட்டி முடித்தவன். கூறியது கூறல் என்னும் குற்றம் இவ்விடத்தில்தான் பிறந்தது. புதிதாக ஓங்க முடியாதவன் பழைய ஓங்கலை நினைவூட்டத்தானே வேண்டும்!

தமிழில் முதற் கதையின் தொடர்ச்சியாக எழுந்த பெருநூல் மணிமேகலை. சிலப்பதிகாரத்தில் மாதவியின் ஆட்டம் கதையையே திருப்பிவிடுகிறது. அரங்கேற்று காதையில் அவள் ஆடும் அழகைப் படித்தவர்கள், இரண்டாம் காப்பியத்திலும் அவள் ஒரு முறை ஆட மாட்டாளா என்று எதிர்பார்ப்பது இயல்பு. சாத்தனார் என்ன செய்தார்? இந்திர விழா வருகிறது. ஊர் அவளை எதிர்பார்க்கிறது. அழைக்கவும் ஆள் வருகிறது. மாதவி ஆட வர மறுக்கிறாள். ஆடியவள் ஆடாமல் இருப்பதே இரண்டாம் காப்பியத்தின் தொடக்கம். முதல் நூலின் மிகப் பெரிய அழகை எடுத்து, அதன் இன்மையையே வழிநூலின் பொருளாக்கிவிட்டார். 'விஸ்வரூபம்' இரண்டாம் பாகத்திலும் நாட்டியம் பின்னுக்குப் போய்விட்டது. ஆனால் அது போனதைப் பற்றி எவரும் வருந்தவில்லை, எவரும் கேட்கவும் இல்லை. அந்த மென்மையான ஆசான் எங்கே போனார்? அவர் வெறும் வேடமா, அல்லது வீரன்தான் வேடமா? இந்தக் கேள்வி ஒன்றைக் கொண்டே ஒரு முழுப் படம் எடுத்திருக்கலாம். நிருபமாவுக்கேனும் அந்தக் கேள்வி வந்திருக்க வேண்டும்; மணந்தது அவரைத்தானே.

இவ்விடத்தில் வயதைப் பற்றிப் பேசாமல் தீராது. மதிப்புரைகளில் சில இதனைக் கேலியாகத் தொட்டன. கேலி தேவையில்லை, செய்தியாகவே பார்க்கலாம். திரு. கமல்ஹாசன் 1954 நவம்பர் 7ஆம் நாள் பிறந்தவர். முதற் பாகம் வந்தபோது அவருக்கு வயது 58. இரண்டாம் பாகம் வந்தபோது 63. இரண்டாம் பாகத்தில் இந்த இரு வயதுகளும் கலந்து வருகின்றன. முன்பு எடுத்த காட்சியும் பின்பு எடுத்த காட்சியும் அடுத்தடுத்து ஓடும்போது, கதையில் சில நாள்களே கழிந்திருக்க, முகத்தில் ஆண்டுகள் கழிந்திருக்கின்றன. போதாதென்று, கதை இன்னும் பின்னே போய் அவனுடைய படைப் பயிற்சிக் காலத்தையும் காட்டுகிறது. காலம் முன்பின்னாக மயங்குகிறது என்று மதிப்புரையாளர்கள் குறைப்பட்டது கதையமைப்பை எண்ணி. உண்மையில் அந்த மயக்கம் உடலிலேயே எழுதப்பட்டிருந்தது.

இதிலுள்ள விந்தை ஒன்றை எவரும் சுட்டாதது வியப்பே. இந்திய நடிகர்களுள் முதுமையைக் கமல்ஹாசனைப் போல் விரும்பித் தேடிப் போனவர் அரியர். கே. விசுவநாத் இயக்கிய 'சலங்கை ஒலி' 1983இல் வந்தபோது அவருக்கு 28 வயது. அதில் நோயுற்றுக் குடித்துத் தளர்ந்த நாட்டியக்காரராக நடித்தார். 1987இல் 'நாயகன்' வந்தபோது 33 நிறையவில்லை. வேலு நாயக்கரின் முதுமையைத் தோளின் கூனலிலும் குரலின் கரகரப்பிலும் கொண்டுவந்து தேசிய விருது பெற்றார். 1996இல் 'இந்தியன்' படத்தில் 41 வயதில் சேனாபதி என்னும் கிழவர். மீண்டும் தேசிய விருது. அப்படத்தில் இளைய மகன் வேடமும் அவருடையதே. கிழவர் மகனைக் கொன்றுவிடுகிறார். ஆக, இளமையில் முதுமையை வெல்ல வைத்த கலைஞர் அவர். முதுமை தானாக வந்து வாயிலில் நின்றபோது, தாமே இயக்கிய படத்தில் அதற்குக் கதவு திறக்க அவருக்கு மனம் வரவில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். எம்.ஜி.ஆர். இதைச் செய்யவில்லையா? 1917 சனவரி 17இல் பிறந்தவர் அவர். 'உலகம் சுற்றும் வாலிபன்' 1973 மே 11ஆம் நாள் வெளிவந்தபோது அவருக்கு வயது 56. தாமே இயக்கி, தாமே இரு வேடம் தாங்கி, பெயரிலேயே தம்மை வாலிபன் என்று சொல்லிக்கொண்டார். ஒசாக்காவில் 1970இல் நடந்த உலகக் கண்காட்சி முதல் ஹாங்காங், தாய்லாந்து வரை ஓடி ஆடிப் பாடினார். படம் மாபெரும் வெற்றி பெற்றது. ஜுரு போன்ற தோட்டப்புறங்களில் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்தில் எம்.ஜி.ஆர். வாள் வீசினால் அவர் வயதை எண்ணிப் பார்த்தவர் உண்டா? எண்ணியிருந்தால் பக்கத்தில் இருந்தவரே சும்மா விட்டிருக்க மாட்டார்.

மறுப்பு வலிமையானதே. ஆனால் எம்.ஜி.ஆருக்கும் அவருடைய இரசிகருக்கும் இருந்த உடன்படிக்கை வேறு. அவர் முதுமையை நடித்துக் காட்டுகிறேன் என்று ஒருபோதும் சொன்னவர் அல்லர். பார்ப்பவர்கள் இளமையை அவருக்குக் காணிக்கையாகவே கொடுத்து வைத்திருந்தார்கள். கூத்தில் இராசபார்ட்டுக்கு வயதில்லை. அதைப் போன்றது அது. கமல்ஹாசனோ முப்பது ஆண்டுகளாகத் தமிழ் இரசிகருக்கு வேறு பாடம் நடத்தினார். உடல் பொய் சொல்லக் கூடாது; வயதுக்கு ஏற்ற நடை வேண்டும், குரல் வேண்டும், கைந்நடுக்கம் வேண்டும் என்று கற்பித்தார். அந்தப் பாடத்தை நன்றாகப் படித்த மாணவர்களே 2018இல் மதிப்புரை எழுதினார்கள். ஆசிரியர் கொடுத்த அளவுகோலால் ஆசிரியரையே அளந்தார்கள். இதில் அவர்களைக் குறை சொல்ல இடமில்லை. அளவுகோல் யார் கொடுத்தது என்பதை மறந்ததுதான் குறை.

எம்.ஜி.ஆரைப் பற்றிய மற்றொரு செய்தியும் இங்கே பொருந்தும். 'உலகம் சுற்றும் வாலிபன்' முடிவில் 'கிழக்கு ஆப்பிரிக்காவில் ராஜு' என்ற அடுத்த படத்துக்கு அறிவிப்பு வந்தது. அப்படம் எடுக்கப்படவே இல்லை. அவர் இயக்கி நடித்துக் கடைசியாக வந்தது 1978 பொங்கலுக்கு வெளியான 'மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்'. அகிலனின் 'கயல்விழி' புதினத்தைத் தழுவியது. அதற்குள் அவர் தமிழகத்தின் முதலமைச்சர் ஆகிவிட்டார். ராஜு வாலிபனாகவே நின்றுவிட்டான். தொடர்ச்சி எழுதாமல் விடுவதும் ஒரு வகையில் கலைஞனின் நல்லூழ்தான்.

மேனாட்டில் இதே சோதனை ஒரே மனிதரிடம் இரு முறை நிகழ்ந்திருக்கிறது. சில்வஸ்டர் ஸ்டாலோன் 1946இல் பிறந்தவர். குத்துச்சண்டை வீரன் ராக்கியின் வரிசையில் ஆறாவது படமான 'ராக்கி பால்போவா'வைத் தாமே எழுதி இயக்கி 2006இல் வெளியிட்டார். அறுபது வயதுக்காரர் குத்துச்சண்டை மேடை ஏறுவதா என்ற நகைப்பு முன்கூட்டியே எழுந்தது. படம் வந்தபின் பெரும்பாலான திறனாய்வாளர்கள் பாராட்டினார்கள். காரணம் தெளிவு. அதில் ராக்கி மனைவியை இழந்தவன், சிறிய உணவுக்கடை ஒன்றை நடத்திக்கொண்டு, வந்தவர்களிடம் பழங்கதை பேசுபவன், மூட்டு நோகிறது. கடைசிச் சண்டையில் அவன் வெல்லவும் இல்லை. நடுவர் தீர்ப்பில் தோற்று, தலை நிமிர்ந்து நடந்து போகிறான். இரண்டே ஆண்டில், 2008இல், அதே நடிகர் தாமே இயக்கி 'ராம்போ' வரிசையில் நான்காவது படத்தைக் கொண்டுவந்தார். பர்மாக் காட்டில் எண்ணற்றோரைச் சுட்டு வீழ்த்தும் கதை. வரவேற்பு இரண்டுபட்டது. நடிகர் அவரே, இயக்குநரும் அவரே, வயதும் ஏறக்குறைய அதுவே. ஒன்றில் ஒடுங்கினார், மற்றொன்றில் ஓங்கினார்.

இப்பொழுது அந்தத் தாயின் காட்சிக்கு வரலாம். விசாம் தன் தாயைக் காணப் போகிறான். அவள் மறதி நோயால் வாடுபவள். வந்திருப்பவன் மகன் என்பது அவளுக்குத் தெரியவில்லை. உலகத்தையே அழிவிலிருந்து காப்பவன் ஒரு மூதாட்டியின் முன் யாரோ ஒருவனாக உட்கார்ந்திருக்கிறான். தன்னை நிரூபிக்க அவனிடம் ஆயுதம் ஒன்றும் இல்லை. கம்பர் சொன்ன ஒடுக்கம் இதுதான். படம் முழுவதும் பகைவரிடம் தன்னை மறைத்து வாழ்ந்தவன், மறைக்க வேண்டாத ஓரிடத்தில் அறியப்படாமல் போகிறான். வேவுகாரனின் வாழ்க்கைக்கு இதைவிடக் கொடிய தண்டனை எழுத முடியாது. வரைகலையோ வெடியோ இங்கே இல்லை. இரண்டு முகங்கள் மட்டுமே இருக்கின்றன. அந்த முகங்களில் வயதை எவரும் மறைக்கவில்லை.

தாயாக நடித்தவர் வஹீதா ரஹ்மான். 1938இல் செங்கற்பட்டில் பிறந்தவர். இந்தித் திரையில் புகழ் பெறுமுன், 1956இல் வந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' என்னும் எம்.ஜி.ஆர். படத்தில் ஒரு பாடலுக்கு ஆடியவர். அந்த ஆட்டத்தைப் பார்த்த தலைமுறை இன்னும் சிலராவது இருக்கிறார்கள். முதிய வயதில் அவர் ஒரு சொல்லும் உரக்கப் பேசாமல், மகனைப் பார்த்தும் பாராத அந்தக் கண்களால் படத்தின் மற்ற ஆரவாரத்தையெல்லாம் சிறிதாக்கிவிட்டார். எழுதியவரும் இயக்கியவரும் கமல்ஹாசனே என்பதால், என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததைப் படம் முழுவதும் செய்யத் துணியவில்லை. சில நிமிடங்களில் காட்சி முடிந்து, திரும்பவும் துப்பாக்கி எடுக்கப்பட்டுவிடுகிறது.

நடிகர் தம்மைத் தாமே இயக்குவதில் உள்ள இடர் இதுவே. ஒடுங்குக என்று சொல்லப் படப்பிடிப்பில் பிராட்டி இல்லை. 'ஹே ராம்', 'விருமாண்டி' என்னும் முந்திய படங்களிலும் எழுத்து, இயக்கம், நடிப்பு மூன்றும் அவர் கையிலேயே இருந்தன. அங்கே அது பெருமளவு நன்மையே செய்தது; ஏனெனில் அக்கதைகள் நாயகனின் தோல்வியையும் குற்றத்தையும் பற்றியவை. நாயகன் ஓங்க வேண்டிய கட்டாயம் இல்லாத கதையில் இயக்குநர் நடிகரை அடக்க வேண்டியதில்லை. வேவுப் படை வீரன் கதையிலோ நடிகருக்குள் இருக்கும் நாயகன் ஒவ்வொரு காட்சியிலும் மேலும் ஓர் அடி கேட்பான். இல்லை என்று சொல்ல வேண்டியவர் அவரே என்றால் எப்படிச் சொல்வார்?

பிறர் சொன்னபோது அவர் கேட்டிருக்கிறார் என்பதற்குப் பின்னாளில் சான்று கிடைத்தது. லோகேஷ் கனகராஜ் இயக்கிய 'விக்ரம்' 2022 சூன் 3ஆம் நாள் வந்தபோது அவருக்கு 67 வயது. 1986இல் வந்த பழைய 'விக்ரம்' படத்தின் வேவுகாரர் அதில் பேரக் குழந்தையோடு தாத்தாவாக வருகிறார். முற்பாதியில் அவர் பெரும்பாலும் திரையில் இல்லை. இறந்துவிட்டவரைப் பற்றிப் பிறர் பேசும் பேச்சாகவே இருக்கிறார். இல்லாமையைக் கொண்டே ஆளை வளர்த்த அந்த உத்தி சாத்தனார் மாதவிக்குச் செய்ததற்குத் தூரத்து உறவு. சண்டை அதிலும் மிகுதி, கொலையும் மிகுதி. ஆயினும் மதிப்புரையாளர்களும் மக்களும் ஒருசேர ஏற்றனர். அதனாலேயே முதுமை காட்டினால் வெற்றி உறுதி என்று சூத்திரம் எழுதிவிட முடியாது. 2024இல் வந்த 'இந்தியன்' இரண்டாம் பாகத்தில் சேனாபதி முழுக் கிழவர்தான்; மதிப்புரைகள் கடுமையாகவே இருந்தன. அங்கே முதுமை முகப்பூச்சில் மட்டும் இருந்தது. வயது அவரிடமிருந்து எதையும் பறிக்கவில்லை.

இரசிகர் தரப்பில் இன்னொரு வாதம் உண்டு. கமல்ஹாசன் படங்கள் வந்த காலத்தில் புரிவதில்லை. பத்தாண்டு கழித்தே அருமை தெரியும் என்பது அது. 'ஹே ராம்', 'அன்பே சிவம்' இரண்டும் முதலில் ஓடாமல் பின்னர்ப் போற்றப்பட்டமை உண்மைதான். ஆனால் அந்தப் படங்களில் முதல் நாளில் கவனியாது விடப்பட்ட ஏதோ ஒன்று இருந்தது. பின்வந்தவர்கள் அதனைக் கண்டெடுத்தார்கள். எல்லாப் படத்துக்கும் பத்தாண்டு தவணை கேட்பது திறனாய்வு ஆகாது. கடனைத் தள்ளிப்போடுவது ஆகும். 'விஸ்வரூபம்' இரண்டாம் பாகத்தில் கண்டெடுக்க வேண்டியது தாயும் மகனும் உட்கார்ந்திருக்கும் அந்தச் சில நிமிடங்களே. மற்றவற்றைப் பற்றி 2018 ஆகஸ்டில் சொன்ன தீர்ப்பு பெரும்பாலும் நிற்கும்.

வகுப்பில் இப்படத்தை எடுத்துக்கொள்ள விரும்பும் ஆசிரியர், மேனிலை மாணவர்களுக்கு உருக்காட்டுப் படலத்தின் அப்பகுதியை முதலில் படித்துக் காட்டிவிட்டுப் பின்னர் அந்தக் காட்சியை மட்டும் போட்டுக் காட்டலாம். முழுப் படத்தையும் போட இரண்டு பாடவேளை போதாது. போட்டாலும் பிள்ளைகள் கப்பலைத்தான் பேசுவார்கள்.